பச்சைப் புடவைக்காரி எதைப் பார்த்தாள்?

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் சினிமா. பொங்கலோ தீபாவளியோ, நானும் என் கணவர் சேகரும் சோபாவின் ஆளுக்கொரு முனையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவோம். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் ஒன்று. விடுமுறையில் ஊர் ஊராகச் சுற்றும் உறவினர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நாங்களும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருந்தோம், சோபாவை விட்டு இறங்காமல்.

அப்படிப் பார்த்த படங்களில் ஒன்று சரியாக ஓடாத படம். அதன் கதையே எனக்கு இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. கதாநாயகன் மலைக் கிராமத்தை விட்டு பஸ்ஸில் கிளம்பிப் போகிறான். ஒரு வளைவில் நாலைந்து பெண்கள் நிற்கிறார்கள். அதில் பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி, நெற்றிமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, சாலையைப் பார்க்கிறாள். நாலே விநாடி. அடுத்த காட்சி வந்துவிட்டது. நான் சேகரிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டி, அந்த முகத்தில் நிறுத்தினேன்.

கொளத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் யாருடைய கண்ணையாவது பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அப்படி ஒரு பார்வையை அதுவரை பார்த்ததில்லை. இனி வரவே மாட்டான் என்று தெரிந்தும் ஒருவனுக்காகக் காத்திருக்கிற பார்வை என்று எனக்குத் தோன்றியது. டிவியை அப்படியே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அந்த வாரமே பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். தலைப்பு, ‘காத்திருப்பவள்’. மலைப்பெண் ஒருத்தி. நிலம் அளக்க வந்த நகரத்து இளைஞன். அவன் போய்விடுகிறான். அவள் தினமும் வளைவில் வந்து நிற்கிறாள். கடைசியில் அருவியில் விழுந்து, நான் எழுதியபடியே சொன்னால், ‘ஒரு பூ உதிர்வதுபோல’ இறந்துபோகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடும் எங்கள் எழுத்துக் குழுவில் எட்டு பேர். பூ உதிர்ந்த இடத்தில் மற்ற ஏழு பேரும் கைதட்டினார்கள். தைரியம் வந்து ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். பத்து நாளில் ஆசிரியரே கூப்பிட்டார்.

“கதை நல்லா இருக்கும்மா. போடப் போறோம். ஆனா மலைதான் சினிமா செட்டு மாதிரி இருக்கு. ஜவ்வாது மலைன்னு பேரு போட்டிருக்கீங்க, போயிருக்கீங்களா?”

போனதில்லை என்றேன். படம் அங்கே எடுக்கப்பட்டது என்று எங்கோ படித்திருந்தேன், அவ்வளவுதான்.

“ஒரு தடவை பாத்துட்டு வந்து திருத்திக் குடுங்க. திங்கக்கிழமை வரைக்கும் பக்கத்தை வெச்சிருக்கேன்.”

என் கதை ஒன்று அச்சில் வருவது அதுதான் முதல் முறை. கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அந்த வாரமே ஆயுத பூஜையோடு சேர்ந்து நாலு நாள் விடுமுறை வந்தது. சேகர், “நீ போய்ட்டு வா. மலை ஏறினா எனக்குக் காது அடைக்கும்” என்று சொல்லிவிட்டு, அந்த நாலு நாளுக்கான படப் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினார்.

ஆலங்காயத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது வியாழக்கிழமை மதியம். முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வாழை இலை ஜன்னல் வழியாக என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் ஒரு சேவல். அது என்னையே பார்த்தது.

ஏழாவது வளைவோ எட்டாவதோ, பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நான் பதறி எழுந்தேன். வேறு யாரும் பதறவில்லை. ஓட்டுநர் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கினார்.

“இன்னா ஆச்சுங்க?” என்று அவர்கள் மாதிரியே கேட்டுப் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆவலம்மா. டெய்லி இந்த எடத்துல அதுக்கு தண்ணி கேக்கும்” என்றார் சேவல் அம்மாள்.

எல்லாரும் இறங்கினார்கள். ஒருவர் சீதாப்பழம் பிளந்து பாதியை என்னிடம் நீட்டினார். சென்னையில் முன்பின் தெரியாதவர் கொடுத்தால் வாங்குவேனா? இங்கே வாங்கிவிட்டேன். கொட்டையை எங்கே துப்புவது என்று முழித்தேன். எதிரே மலைச்சரிவு முழுக்க இடம் இருந்தது. என் கதையில் வரும் நகரத்து இளைஞன் இதே பாதையில் ஜீப்பில், மூடுபனியில், கம்பீரமாக ஏறி வருகிறான். அவன் ஒரு சீதாப்பழமாவது தின்றிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

காவலூர் தாண்டும்போது மரங்களுக்கு மேலே வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கூரை உருண்டையாகத் தெரிந்தது. பஸ்ஸில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்காதவள்போல் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி அறை எடுத்தேன். சாயங்காலம் மழை. சேகர் கூப்பிட்டு, “மலை எப்படி இருக்கு?” என்றார். ஈரமாக இருக்கிறது என்றேன். “படத்துல அவ்ளோ ஈரம் இல்லியே” என்றார்.

மறுநாள் காலை கைப்பேசியில் பச்சைப் புடவைக்காரியின் படத்தோடு கிளம்பினேன். அவளைக் கண்டுபிடிப்பது என் திட்டத்திலேயே இல்லை. அந்த வளைவை மட்டும் பார்த்து, மரம், பாறை, மண்ணின் நிறம் எல்லாம் குறித்துக்கொண்டு வரலாம் என்பதுதான் யோசனை. டீக்கடையில் படத்தைக் காட்டினேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினார்.

“ஷூட்டிங்குக்கு எடம் பாக்க வந்தீங்களா?”

“இல்லைங்க. கதை எழுதறேன்.”

“அதான், படத்துக்கு கத.”

“படத்துக்கு இல்லைங்க. சும்மா, படிக்கிறதுக்கு.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சும்மா படிப்பதற்காகக் கதை எழுதி, அதற்காக பஸ் ஏறி வந்த ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்குள் பெஞ்சில் இருந்த நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். இடம் எது என்பதில் அவர்களுக்குள் சந்தேகமே எழவில்லை. காவலூர் சாலையில், புளியமரம் சாய்ந்திருக்கும் வளைவு. ஆள்தான் குழப்பம்.

“பச்ச பொடவைய வெச்சில்லாம் சொல்ல முடியாது. பொடவ கம்பெனிக்காரன் குடுத்தது. சாயங்காலம் திருப்பி வாங்கிகினான்.”

“மூஞ்சியப் பாருய்யா. இது நம்ம மகேஸ்வரி மாதிரி கீது.”

“எந்த மகேஸ்வரி?”

“சாமை மெஷின் மகேஸ்வரி.”

நான் டீயைக் குடிக்க மறந்து நின்றேன். அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பன்னிரண்டு பக்கத்திலும் ‘அவள்’ என்றுதான் எழுதியிருந்தேன்.

மகேஸ்வரியின் ஊர் அந்த வளைவிலிருந்து நடக்கும் தூரம்தான். நாற்பது, ஐம்பது வீடு இருக்கும். அறுவடைக் காலம். சாலையிலேயே சாமைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் அதன்மேல் ஏறிப் போய்க் கதிரடித்துக் கொடுத்தன. நான் ஏறி வந்த பஸ்கூட அதைச் செய்தது. ஊர் முனையில் தகரக் கொட்டகை. உள்ளே சாமையின் உமியை நீக்கும் இயந்திரம் காதைப் பிளந்துகொண்டு ஓடியது. அதன் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மூட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். புருவம் முதற்கொண்டு தவிடு.

இயந்திரம் நின்றதும் கைப்பேசியை நீட்டினேன். அவர் பார்த்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்து, மறுபடி பார்த்தார். கிட்டத்துப் பார்வை மங்கும் சாளேசுரம் ஆரம்பித்துவிட்டது என்று என் தொழில் புத்தி குறித்துக்கொண்டது.

“ஐயோ, நான்தான்! இது எங்கருந்து கெடச்சுது?”

“நீங்க நடிச்ச படத்துலேர்ந்து.”

“அந்தப் படம் வந்துச்சா?” என்றார் மகேஸ்வரி. “வரவே இல்லன்னு இல்ல சொன்னாங்க!”

அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அதன் பெயரும் தெரியாது. கொட்டகையில் இருந்த மற்றப் பெண்கள் ஓடி வந்தார்கள். கைப்பேசி கை மாறிக்கொண்டே போனது. நான் பொறுமையிழந்து, படம் பார்த்த நாளிலிருந்து என் மனசில் இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“இந்த எடத்துல நீங்க எதைப் பாத்துட்டு இருக்கீங்க? டைரக்டர் என்ன சொன்னாரு?”

மகேஸ்வரி ஒரு கணம் யோசித்தார். பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சாப்பாட்டு வேனுக்கா! காலைல ஆறு மணிக்கு இட்டுகினு போய் நிக்க வெச்சானுங்க. மணி ரெண்டாவுது, சோறு வரல. வேன் கீழ எங்கியோ நின்னுபூட்ச்சாம். அது வருதா வருதான்னு பாத்துகினே இருந்தேன். அத்த எப்ப புடிச்சானுங்கன்னே தெரியல.”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். இனி வரவே மாட்டான் என்று தெரிந்தும் காத்திருக்கிற பார்வை. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில்கூட அந்த வரியைச் சேர்த்திருந்தேன்.

“வந்துதா கடைசில?” என்று கேட்டேன்.

“நாலு மணிக்கு. தக்காளி சாதம். ஆறிப் போய் கெடந்துச்சி. ஆனா நல்லாத்தான் இருந்துச்சி.”

மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. புதுச் சாமைச் சோறு, கொள்ளு ரசம், முருங்கைக்கீரைப் பொரியல். சென்னையில் உடம்புக்கு நல்லது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் தின்னும் சாமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது சூடாக, லேசாக, ஒரு மாதிரி பச்சை வாசனையோடு உள்ளே போனது. மகேஸ்வரியின் கணவர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த கதாசிரியை மறுபடி தலைதூக்கினாள்.

“அவரு எப்ப வருவாருன்னு இருக்குமில்ல?”

“போன மாசந்தான் வந்துட்டுப் போனாரு. வந்தா நமக்குத்தான் வேல ஜாஸ்தி. வெந்நி வை, கோழி அடின்னு ஒரே பேஜாரு” என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நான் கிளம்பும்போது, நாளைக்கு அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அறைக்குத் திரும்பி, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி நின்று, படத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்தேன். இரண்டு மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

சனிக்கிழமை காலை மகேஸ்வரியின் வீட்டில் பதினைந்து பேர் இருந்தார்கள். கைப்பேசியை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தோம். அவருடைய மகள் கீர்த்தனா, பன்னிரண்டாம் வகுப்பு, திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒலி போதவில்லை என்று கைப்பேசியை எடுத்து அகலமான ஒரு வெற்றுப் பாத்திரத்துக்குள் சாய்த்து வைத்தவள் அவள்தான்.

இத்தனை வருடம் படம் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. கதாநாயகன் அழுதான், யாரும் கண்டுகொள்ளவில்லை. அவனுக்குப் பின்னால் போன மாட்டைப் பார்த்து, “அது நம்ம பெரிய வூட்டு மாடுடி!” என்று கத்தினார்கள். சண்டைக் காட்சியில் மிதிபட்ட கேழ்வரகுக் கொல்லை யாருடையது என்று தகராறு வந்தது. பாட்டு வந்தபோது எல்லாரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

அந்த வளைவு வந்ததும் வீடு அமைதியானது. நாலு விநாடி. கீர்த்தனா பின்னால் ஓட்டினாள். மறுபடி. மறுபடி. ஆறாவது முறை மகேஸ்வரி, “போதும் உடு” என்றார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது. “நான் நல்லாத்தான்டி கீறேன்” என்றார் மெதுவாக.

கூட்டம் கலைந்த பிறகு, “நீங்க எழுதின கதைய படிங்கக்கா, கேக்கலாம்” என்றார். எனக்குக் கூச்சம். சாப்பாட்டு வேனைக் கேட்ட பிறகு அந்தப் பன்னிரண்டு பக்கத்தை என் வாயால் எப்படிப் படிப்பது? தயங்குவதைப் பார்த்துக் கீர்த்தனா தாள்களை வாங்கிக்கொண்டாள். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மகேஸ்வரி முறத்தில் சாமையை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நடுநடுவே கேள்வி.

“அவளுக்கு வூட்ல யாருமே இல்லியா?”

கதையில் இல்லை.

“அவ இன்னா வேல செய்றா?”

நான் யோசித்தேன். அவள் அருவியில் குளிக்கிறாள். தேன் எடுத்து வந்து இளைஞனுக்குக் கொடுக்கிறாள். வளைவில் நிற்கிறாள்.

“தெனிக்கும் வந்து ரோட்லயே நின்னுகினு இருந்தா ஆடு மாட்ட யாரு பாக்கறது?” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கடைசிப் பக்கம் வந்தது. கீர்த்தனாவின் குரல் தாழ்ந்தது. ‘ஒரு பூ’ என்று படித்தவள் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். “படி” என்றார் மகேஸ்வரி. அவள் படிக்கவில்லை. தாள்களை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகேஸ்வரியின் கை முறத்தில் நின்றிருந்தது.

“அவளோட படிச்ச பொண்ணு ஒண்ணு, மேலூர்ல, ரெண்டு வருசம் முன்னாடி இப்படிப் போய்ச் சேந்துடுச்சி. ரெண்டும் ஒண்ணாத்தான் பஸ்ஸுல போவும், வரும். அவங்கம்மா எங்க மெஷினுக்குத்தான் சாமை எடுத்தாரும். வந்தா ஒரு வார்த்த பேசாது. அரைச்சத வாங்கிகினு போய்டும்.” முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார். “நீங்க இன்னாடான்னா பூ வுழுற மாதிரின்னு எழுதிகிறீங்க. அத்த அவ்ளோ அழகா எழுதாதீங்கக்கா. அது அப்டி இல்ல.”

மன்னிக்கச் சொல்லி ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு முறத்தோடு எழுந்து போனார். கோபமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை இருந்தது, போனார். நான் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கீர்த்தனா கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கூப்பிடாமல் நடந்தேன்.

அறைவரை நடந்தே போனேன். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியில் அந்த வளைவில் நின்றேன். புளியமரம் சாய்ந்து நின்றது. கீழே சாலை இரண்டு திருப்பம்வரை தெரிந்தது. ஒரு லாரி ஏறி வந்தது, ஒரு பைக் இறங்கிப் போனது. எங்கள் எட்டு பேர் குழுவில், சாவில் முடிந்தால் கதைக்குக் கனம் கூடும் என்று பேசிக்கொள்வோம். நான் எழுதிய பதினோரு கதைகளில் ஏழு பேரைக் கொன்றிருக்கிறேன் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். அவர்களில் ஒருவருடைய அம்மாவைக்கூட நான் எழுதியதில்லை.

ஞாயிறு காலை ஆசிரியரைக் கூப்பிட்டேன். மலை எப்படி என்று உற்சாகமாகக் கேட்டார். கதையை நிறுத்திவிடும்படி சொன்னேன்.

“ஏம்மா? மலையைத் திருத்தினா போதுமே.”

“மலை இல்ல சார். முடிவு.”

“அந்த முடிவுதாம்மா கதையே. பூ உதிர்ற எடம். அதை எடுத்துட்டா என்ன இருக்கு?”

உண்மையிலேயே வேறொன்றும் அதில் இல்லை. “வேண்டாம் சார்” என்று மட்டும் மறுபடி சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலைதான். பிறகு, கொஞ்சம் இளகி, “வருத்தமா இல்லியா உங்களுக்கு?” என்றார். இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. அச்சில் என் பெயரை எப்படிப் போடுவது என்று இனிஷியல் முதற்கொண்டு முடிவு செய்து வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டு, பஸ் நிலையத்தில் ஒரு தூணோரமாக நின்று கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றவர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். மகேஸ்வரியின் ஊரில் நிறுத்தினார்கள். மூன்று மூட்டையோடு அவரே ஏறினார். ஆலங்காயத்தில் ஒரு கடைக்குச் சாமை அரிசி போடுகிறாராம். மூட்டையை நடுவில் வைக்காதே என்று கண்டக்டர் கத்த, வேறு எங்கே வைப்பது, உன் தலையிலா என்று இவர் கத்த, பஸ் கிளம்பிவிட்டது. என்னைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நேற்று நடந்தது எதுவும் முகத்தில் இல்லை.

“கீர்த்தனா எப்படி இருக்கா?”

“நல்லா கீறா. ராவு அந்தப் பொண்ணப் பத்தி ரொம்ப நேரம் பேசிகினு இருந்தா. இத்தினி நாளா வாயே தொறக்கல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “பேசட்டும்” என்றார்.

கதையை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

“ஏங்கா நிறுத்தினீங்க? நான் நிறுத்தச் சொல்லலியே! சாவடிக்காதீங்கன்னுதான சொன்னேன்.”

“அப்புறம் அவ என்ன செய்வா?”

“அவன் பஸ்ஸுல போனான் இல்ல? இவளும் அடுத்த பஸ்ஸப் புடிச்சி ஆலங்காயம் போவட்டும். ஒரு கடையில சேரட்டும். அவன் பின்னாடி போவச் சொல்லல, சும்மா போவட்டும். ஊருல ஆயிரம் வேல கீது.” கொஞ்சம் யோசித்து, “மொதல்ல அவளுக்கு ஒரு பேரு வையிங்க” என்றார்.

அடுத்த வளைவுக்குள் தூங்கிப்போனார். தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. வாய் திறந்திருந்தது. காதோரம் இன்னும் கொஞ்சம் தவிடு. எனக்குத் தோள் வலித்தது. நகரவில்லை. என்ன கனவு காண்கிறார் என்று யோசிக்கத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். காலையில் நாலு மணிக்கே எழுந்திருப்பார். தூங்குகிறார்.

ஆலங்காயத்தில் பஸ் நின்றதும் திடுக்கிட்டு எழுந்து, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மூட்டைகளைப் பார்க்க ஓடினார். மறுபடி கண்டக்டரோடு சத்தம். மூன்றாவது மூட்டை இறங்கியதும் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தபோதுதான் என் நினைவு வந்து, ஜன்னல் பக்கம் ஓடிவந்தார்.

“அக்கா! அடுத்த தபா வந்தா போன் பண்ணிட்டு வாங்க! எப்பவும் வூட்லயே குந்திகினு இருக்க மாட்டேன் நானு!”

சரி என்று கையசைத்தேன். பஸ் திரும்பும்போதுதான் அவருடைய எண் என்னிடம் இல்லை என்பது உறைத்தது. நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதினார். இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஓடினேன். மகேஸ்வரி ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றியபடி நின்று எண்ணைச் சொன்னார். நான் அழுத்தினேன்.

“மகேஸ்வரின்னு போட்டுக்கறேன்.”

“அப்டி போட்டா எப்டி தெரியும்? இந்த மலையில எத்தினியோ மகேஸ்வரி கீறாங்க” என்றார். “சாமை மகேஸ்வரின்னு போடுங்க.”